காதுக்காரம்மாவோடு வந்த கைதட்டல்

காதுக்காரம்மாவுக்கு விருது கொடுத்தபோது எழுந்த கைதட்டல் அரங்கத்தோடு நிற்கவில்லை. அவர் கூடவே படியிறங்கி, காரில் ஏறி, வீட்டுக்கு வந்துவிட்டது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் அது மேடைப் பக்கமிருந்து வாசலை நோக்கி நகர்ந்து போனதைக் கேட்டு, கூட்டம் இன்னும் கலையவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விளக்குகளை அணைக்காமல் காத்திருந்தார்கள். கார் ஓட்டியவர் ரேடியோவை நிறுத்தக் கை நீட்டி, அது ஓடவே இல்லை என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிப் பின்னிருக்கையைப் பார்த்தார். அங்கே காதுக்காரம்மாவும், அவர் மடியில் கேடயமும், பக்கத்தில் தூங்கி விழுந்துகொண்டிருந்த அவருடைய கணவரும் மட்டுமே இருந்தார்கள். "நல்ல கூட்டம் போலம்மா," என்றார் ஓட்டுநர். "ஆமாப்பா, நல்ல கூட்டம்," என்றார் காதுக்காரம்மா. அவரும் அப்போது, அரங்கத்துச் சத்தம் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தூங்கி எழுந்தால் போய்விடும் என்றுதான் நினைத்தார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவர் வேலைதான் காரணம். அரசு மருத்துவமனையில் காது கேட்கிறதா என்று சோதிப்பவர். முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதே நாலைந்து வயதில்தான் வீட்டாருக்கு உறைக்கும். அதுவரை பிடிவாதக்காரன் என்று அடித்துக்கொண்டிருப்பார்கள். காதுக்காரம்மா அலைந்து திரிந்து, மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கி, பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் வீட்டுக்கு அனுப்பும் முன்பே காதுச் சோதனை செய்ய வேண்டும் என்பதைச் சுற்றுவட்டாரப் பிரசவ ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் வழக்கமாக்கினார். தூங்கும் குழந்தையின் காதில் பஞ்சு போன்ற ஒரு முனையை வைத்தால் இயந்திரம் சொல்லிவிடும். அதற்குத்தான் மறுவாழ்வுத் துறையினர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் நலனுக்கும் பொது சுகாதாரத்துக்கும் ஆற்றிய பணிக்கான அந்த ஆண்டின் விருதை அவருக்குக் கொடுத்தது.

மேடையில் அவர் தன் அண்ணனைப் பற்றிப் பேசினார். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். தங்கை நாலு வயதிலேயே அண்ணனின் கைமொழியைப் பிடித்துக்கொண்டு, அவருக்காகக் கடைக்காரர்களிடமும் வாத்தியார்களிடமும் டாக்டர்களிடமும் பேசி வளர்ந்தவர். அண்ணி வந்த பிறகுதான் அந்த வேலை குறைந்தது. அண்ணிக்கும் காது கேட்காது, அவர்கள் இருவருக்கும் நடுவே யாரும் பேசிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "இருட்டில் இருந்த என் அண்ணனுக்கு நான் குரலாக இருந்தேன். என் அம்மா அழுத மாதிரி இன்னொரு அம்மா அழக்கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன்," என்றார் காதுக்காரம்மா. அரங்கத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். மேடையோரம் நின்ற மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல், இருட்டு உட்பட, கையால் சொன்னார். முதல் வரிசையில் இருந்த அண்ணன் அதைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். எல்லோரும் எழுந்து கைதட்டியபோது அவர் மட்டும் எழாமல், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அண்ணியிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. கோபமாக இருக்கிறார், கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று.

அந்தக் காலையில்தான் கைதட்டல் தூங்கி எழுந்த பிறகும் போகவில்லை என்பது உறுதியானது. காதுக்காரம்மா சமையலறைக்குப் போனால் சமையலறையில் கேட்டது, குளிக்கப் போனால் குளியலறையில் எதிரொலியோடு கேட்டது. தகரக் கூரையில் பெய்யும் மழை போலிருந்தாலும், கவனித்தால் ஒவ்வொரு கையும் தனித்தனியாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார், பிறகு கதவைத் தட்டினார், விஷயத்தைக் கேட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லிப் போனார். மருந்துக்கடை வைத்திருந்த கணவர் இரண்டு நாள் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், மூன்றாம் நாள் எடுத்துப் போட்டுவிட்டார். "மத்தவங்களுக்குப் பொண்டாட்டி கடைக்கு வர்றது வந்து நின்னாதான் தெரியும். எனக்குத் தெருமுனையிலேயே தெரிஞ்சிடுது. நல்லதுதான்," என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டார். காது டாக்டர்கள் அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அவர்களுக்கும் கேட்டதால் அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் சத்துமாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

சங்கச் செயலாளர் நேரில் வந்தார். கனத்த உடம்பும் அகன்ற கைகளும் உள்ள மனிதர். கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிச் சிறிது நேரம் கேட்டவர், "இடது பக்கம் ஒண்ணு கொஞ்சம் தாமதமா, கனமா விழுது பாருங்க. அது நான்தான்," என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்து, "நான் அப்பவே நிறுத்திட்டேன்மா. சத்தியமா," என்றார். அடுத்த கூட்டத்தில் சங்கம், மேற்படி கைதட்டல் விழா நாளன்றே முறைப்படி முடிவுற்றதாக ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் நகலைக் காதுக்காரம்மா வாங்கிப் படித்தபோதும் கைதட்டினார்கள், அவரைச் சுற்றி.

வீட்டில் சமாளித்துவிடலாம், வேலையில் முடியவில்லை. சோதனை அறையின் சுவர்கள் வெளிச்சத்தம் உள்ளே வராதபடி கட்டப்பட்டவை. அவர் உள்ளே போனபோது கைதட்டலும் உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் இரட்டிப்பானது. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லி உட்கார வைக்கப்பட்ட கிழவர் ஒருவர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. காதில் கருவி மாட்டியிருந்த பிள்ளைகள் அவரைக் கண்டதும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். குழந்தைகளைச் சோதிக்கும் இயந்திரமோ அவர் பக்கத்தில் இருந்தால் எல்லாக் குழந்தைக்கும் மறுபரிசோதனை என்று காட்டியது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நல்லவர்தான், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித்தான் விஷயத்தைச் சொன்னார். காதுக்காரம்மா பழைய கட்டில்களும் உடைந்த சக்கர நாற்காலிகளும் கிடந்த கிடங்குப் பக்கத்து அறைக்கு மாற்றப்பட்டார். சோதனை வேலையை அவரிடம் பழகிய பெண் எடுத்துக்கொண்டாள், நன்றாகவே செய்தாள். சக்கரம் கழன்ற நாற்காலிகளுக்கு நடுவே, எப்போதும் யாரோ எழுந்து நின்று பாராட்டிக்கொண்டிருக்க, காதுக்காரம்மா சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு வருடம் போனது.

அண்ணன் இதை நம்பவில்லை. அவருக்குக் கேட்காத ஒன்றைப் பற்றி அச்சகத்தில், டீக்கடையில், பேருந்தில் எல்லோரும் எழுதிக்காட்டியும் சைகை காட்டியும் சொன்னார்கள். என்னைச் சொல்லி வாங்கினாள், வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கட்டும் என்று அண்ணியிடம் சொன்னாராம். காதுக்காரம்மா ஒருமுறை போய் வாசலில் நின்றார். அண்ணன் இருக்கும் வீட்டில் அழைப்புமணிக்குப் பதிலாக விளக்கு எரியும். விளக்கு எரிந்தது, சன்னல் திரை லேசாக விலகியது, கதவு மட்டும் திறக்கவில்லை. அந்தத் தெருவில் காது கேட்ட எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நிலையில் அண்ணன் மகளுக்குப் பிரசவமானது. அண்ணன் மகளுக்குக் காது கேட்கும். அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் கேட்கும். அவளே போன் செய்து, "கைதட்டோட வந்தாலும் பரவால்ல அத்தை, நீங்க வாங்க," என்றாள். காதுக்காரம்மா பார்வையாளர் நேரத்தில் பிரசவ வார்டுக்குப் போனார். அவர் கதவைத் தாண்டியதும் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் உடம்பைத் தூக்கிப்போட்டு விழித்து, வரிசையாக அழத் தொடங்கின. நர்ஸ் ஓடி வந்து, "அம்மா, இங்கல்லாம் கைதட்டக் கூடாது," என்று சொல்லி, தட்டுகிற ஆள் யார் என்று தேடினாள். அண்ணன் மகளின் பக்கத்தில் கிடந்த குழந்தை அழவில்லை. கண்ணைத் திறந்து சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதுக்காரம்மா குனிந்தார், கைதட்டலும் அவரோடு குனிந்தது. குழந்தையின் இமைகூட அசையவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் குழந்தையைப் பார்க்கவில்லை, தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கையைத் தூக்கினார்.

"கேக்கலையா?"

"மெஷின் வச்சுப் பாக்கணும். இப்பவே சொல்ல முடியாது," என்று இவரும் கையால் சொன்னார்.

"உன் மூஞ்சி சொல்லிடுச்சு."

காதுக்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் விடவில்லை. "என்னைப் பாத்து அம்மாவும் இந்த மூஞ்சிதான் வச்சிருந்தாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கைமொழியில் பொய் சொல்ல அவருக்கு ஒருபோதும் வந்ததில்லை. "ஆமா."

"எவ்வளவு நாள்?"

"சாகுற வரைக்கும்."

அண்ணன் நிதானமாக, அச்சு எழுத்துப் போல ஒவ்வொரு சொல்லையும் தனியாக வைத்தார். "நான் இருட்டுல இல்ல. எனக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கா, சண்டை போடத் தங்கச்சி இருக்கா. இருட்டுல இருந்தது அம்மாதான். கடைசி வரைக்கும் என்கூடப் பேசக் கத்துக்கவே இல்ல. அழுதாங்க, அவ்வளவுதான். நீ மேடையில சொன்னியே, அந்த அழுகை, அது எனக்காக இல்ல." சொல்லிவிட்டு எழுந்து குழந்தையை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார். "முதல்ல இவகிட்ட அந்த மூஞ்சிய மாத்து."

முகத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. காதுக்காரம்மா ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, மறு கையால் அதன் கண்ணெதிரே, வா, வா என்று மெதுவாகச் சொன்னார். குழந்தையின் கண் விரல்களோடு போய், விரல்களோடு திரும்பி வந்தது. அண்ணன் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழ என்ன இருக்கு அத்தை? இவ எங்க அப்பா அம்மாகூட என்னைவிட நல்லாப் பேசுவா," என்றாள், பிறகு தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அண்ணன் தங்கையின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அச்சகத்தில் இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அதே மாதிரி சிறிது நேரம் வைத்திருந்து, அதிர்வை உணர்ந்ததும் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நிறையப் பேரா?" என்று கேட்டார். "அரங்கம் முழுக்க," என்றார் தங்கை.

அவர்கள் கிளம்பும்போது கடைசிக் கட்டில்காரப் பெண், "எங்க பாப்பா மட்டும் சமத்து. இத்தனை கூத்துலயும் முழிக்கவே இல்ல," என்று பெருமையாகச் சொன்னாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரமே இயந்திரம் இரண்டு குழந்தைகளுக்கும் காது கேட்கவில்லை என்று உறுதி செய்தது.

அதன் பிறகு நடந்தவை ஊருக்குத் தெரியும். காதுக்காரம்மா கிடங்கறையை விட்டு வெளியே வந்து, இயந்திரம் போகாத இடங்களுக்கெல்லாம் நடந்தார். வீட்டிலேயே பிறந்த குழந்தைகள், ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூட்டிப் போன குழந்தைகள், செங்கல் சூளையிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் சாக்கின் மேல் தூங்கும் குழந்தைகள். அவர் வந்து நின்றால் போதும். திரும்பும் குழந்தை திரும்பிவிடும், திரும்பாத குழந்தையின் முகவரியைச் சோதனைப் பெண்ணிடம் கொடுப்பார். அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் கூடவே போனார். திரும்பாத குழந்தையின் வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். தாயும் தகப்பனும் அழுது முடிக்கும்வரை குழந்தைக்கு விரல்களைக் காட்டிக்கொண்டிருப்பார், முடிந்ததும் அவர்களுக்குப் பால், தூக்கம், அம்மா என்று மூன்று சொல் கையால் சொல்லிக் கொடுப்பார். முதல் நாளில் அதற்கு மேல் சொல்லிக் கொடுப்பதில்லை. பிறகு வாராவாரம் போவார். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, இது அங்கீகரிக்கப்பட்ட முறையா என்று கேட்டார். அவர் கேட்டது கைதட்டலில் சரியாகக் காதில் விழாததால் இரண்டு முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்காமல் போய்விட்டார்.

எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. சில தெருக்களில் கைதட்டல் தூரத்தில் கேட்டதுமே கதவுகளைச் சாத்தினார்கள். ஒரு பெண் குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வேண்டாம்மா. நீங்க வந்தா ஏதாவது சொல்லிடுவீங்க. சொல்லாத வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னுதானே இருக்கோம்," என்றாள். காதுக்காரம்மா அவளிடம் வாதாடவில்லை. தெருமுனை வரை போய் நின்றுகொண்டார். அண்ணன் மட்டும் அந்த வாசலுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அவர் யாருடனும் பேசவில்லை, ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துப் பறவை, படகு என்று ஏதோ செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவள் கதவைத் திறந்து, "இவர் யாரு? இவருக்கும் கேக்காதா? கல்யாணம் ஆகிடுச்சா இவருக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள். ஆகி, பேத்தியும் இருக்கிறாள் என்றதும், குழந்தையைக் கொண்டுவந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

சங்கம் ஒரு கட்டத்தில் காதுக்காரம்மாவுக்கு வாழ்நாள் சாதனை விருதும் கொடுக்க முடிவு செய்தது. கணவர், "ஒண்ணே போதும்னு சொல்லிடு," என்றார். சங்கத்துக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆகவே விழா வைக்காமல், அலுவலக அறையில், எல்லோரும் கைகளைச் சட்டைப் பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டு நிற்க, விருதை மேசை மேல் வைத்துத் தள்ளிக் கொடுத்தார்கள். அதில் அண்ணன் பெயரும் இருந்தது. காதுக்காரம்மா பேச எழுந்து, இருட்டு என்று முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்வதாகக் கையாலும் வாயாலும் சொன்னார். அண்ணன் பொன்முலாம் பூசிய எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, அச்சு சுமார் என்றார்.

வருடங்கள் போகப் போக அந்தக் கைதட்டல் மெலிந்தது. முதலில் அது யாருக்கும் புரியவில்லை. சங்கச் செயலாளர் இறந்த மத்தியானம், இடது பக்கம் தாமதமாக விழும் அந்தக் கனமான தட்டல் நின்றுபோனதைக் காதுக்காரம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கவனித்தார். துக்கச் செய்தி வருவதற்குள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிலிருந்து அவருக்கு விளங்கியது. வேகமாகப் படபடவென்று தட்டிய ஒரு கை போனது, வளையல் சத்தத்தோடு தட்டிய ஒன்று போனது. யாருடையவை என்று தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றும் போகும்போது அவர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுச் சற்று உட்காருவார். அவர் கூடவே வாழ்ந்தவர்கள் அல்லவா. மழை போலிருந்தது பிறகு தூறலானது, ஆனால் நிற்கவில்லை.

அண்ணன் பேத்திக்கு எட்டு வயதானபோது ஒரு நாள் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் காதுக்காரம்மா போனார். பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

"அது எப்படி இருக்கும் அத்தைப் பாட்டி?" என்று கையால் கேட்டாள்.

காதுக்காரம்மா அவள் உள்ளங்கையை விரித்து, தன் விரல்களால் ஒரே சீராக இல்லாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டிக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"தொந்தரவா இருக்கு. போதும்னு சொல்லுங்க."

"எவ்வளவோ தடவை சொல்லியாச்சு. கெஞ்சினேன், கத்தினேன். அவங்களுக்குக் காதுல விழல."

பேத்தி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "காதுல விழலன்னா கையால சொல்ல வேண்டியதுதானே."

நாலு வயதிலிருந்து கையால் பேசியவர், தான் இத்தனை வருடமும் அந்தக் கூட்டத்திடம் வாயால் மட்டுமே பேசிக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தார். பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தூக்கி, போதும் என்று கைமொழியில் சொன்னார். கைதட்டல் நின்றது. தெருவில் போன சைக்கிளின் சங்கிலிச் சத்தம் கேட்டது, எங்கோ தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. கையை இறக்கியதும் ஒன்றிரண்டு பேர் தயங்கித் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மறுபடி தூக்கினார், நின்றது.

அதிலிருந்து போன் பேசும்போதும், மருத்துவரிடம் நோய் சொல்லும்போதும், கணவர் முணுமுணுப்பது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டியபோதும் காதுக்காரம்மா வலது கையைத் தூக்கிக்கொண்டார். வெகுநேரம் தூக்கினால் தோள் வலிக்கும். வலித்தால் இறக்கிவிட்டு, அவர்கள் தட்டுகிற வரை தட்டட்டும் என்று வேலையைப் பார்த்தார்.